இலை மணக்கிறதா: ஆம் / இல்லை

வேலாயுதத்துக்கு வாசனை தெரியாமல் போய் மூன்று வருடமாகியிருந்தது. ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார். எழுந்தபோது உடம்பு பழையபடி ஆகிவிட்டது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. ரசம், டீசல், ஈர மண், சாக்கடை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இது அவர் மனைவி நாச்சம்மாளுக்கு மட்டும் தெரியும். அலுவலகத்தில் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. மைசூரில் ரிங் ரோட்டுக்கு வெளியே முளைத்திருக்கும் வீட்டுமனை லேஅவுட்டுகளில் மரங்களை எண்ணி, சுற்றளவு அளந்து, படிவத்தில் எழுதும் அரசாங்க ஒப்பந்த வேலை அவருடையது. மரத்தை எண்ண மூக்கு வேண்டியதில்லை.

பிறகு படிவம் மாறியது. புதிய படிவத்தில் பதினோராவது கட்டத்தில் 'இலை மணக்கிறதா: ஆம் / இல்லை' என்று அச்சிட்டிருந்தார்கள். யார் சேர்த்தது, எதற்காகச் சேர்த்தது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. வேலாயுதம் இரண்டு நாள் கவலைப்பட்டுவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். தெரிந்த மரமென்றால் பழைய ஞாபகத்தில் எழுதுவார். தெரியாத மரமென்றால் ஓர் இலையைக் கசக்கிக்கொண்டு, தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, இது மணக்கிறதா என்று கேட்பார். மைசூர்க்காரர்கள் மரியாதையானவர்கள். வண்டியை ஓரங்கட்டி, முகர்ந்து பார்த்து, பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் நீயே முகர்ந்து பார்க்கக் கூடாது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இப்படி நாலாயிரத்துச் சொச்சம் மரங்களை முடித்திருந்தார்.

இந்த நிலையில் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. லேஅவுட் பூங்காக்களில் நிற்கும், யூகலிப்டஸ் என்கிற நீலகிரி மரங்கள் நிலத்தடி நீரைக் குடிப்பதாகப் புகார் இருப்பதால் அவற்றை வெட்டலாம், ஆனால் எலுமிச்சை மணம் வீசும் வகை இருந்தால் அதை அழகு மரமாகக் கருதி விட்டுவிட வேண்டும் என்றது அது. வேலாயுதத்தின் பொறுப்பில் இருந்த ஒரு லேஅவுட்டின் பூங்காவில் நீலகிரி மரங்கள் இரண்டு நின்றன. இரண்டும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல வழவழவென்ற அடிமரம், நாலு மாடி உயரம், இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டடி இடைவெளி. வேலாயுதம் அவற்றில் நீலப் பெயிண்டால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார்.

அந்த மரங்களை வைத்து லேஅவுட் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்கு வரிசை வீட்டுக்காரர்களுக்குத் தலைவர் கெம்பையன். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து லாரி வைத்துத் தொழில் செய்து, இப்போது ஓய்வாக இருப்பவர். வெயில் காலத்தில் அந்த மரங்கள் பட்டையை உரித்து உரித்து அவருடைய புதுக் கார்மேல் போட்டன. இரண்டையும் வெட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. மேற்கு வரிசைக்கு உமாதேவி. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், தினமும் காலையில் அந்த நிழலில் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி செய்கிறவர். இரண்டையும் தொடக் கூடாது என்பது அவர் கட்சி. சுற்றறிக்கையின் நகல் இருவரிடமும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. இரண்டுமே எலுமிச்சை மரம் என்று உமாதேவி மனுக் கொடுத்தார். இரண்டுமே இல்லை என்று கெம்பையன் மனுக் கொடுத்தார்.

மனுக்கள் உதவி அலுவலர் உதயகுமாரின் மேசைக்கு வந்தன. உதயகுமார் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயது, கோப்புகளைத் தேங்கவிடக் கூடாது என்ற பிடிவாதம் உள்ளவர். அலுவலக அலமாரியிலிருந்து ஒரு தடித்த மரநூலை எடுத்து வேலாயுதத்தை எதிரில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நெருங்கிய உறவுக்கார மரங்கள் இரண்டு இருக்கின்றன. முன்பு நீலகிரி இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவை. பிறகு ஆய்வாளர்கள் தனியே பிரித்து வேறு இனப் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒன்று எலுமிச்சை மணமுள்ளது, மற்றது புள்ளிப் பட்டை உள்ளது. இலை, பூ, குடுவை மாதிரியான காய் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். புள்ளி மரத்துக்குப் பட்டையில் புள்ளிகள் அதிகம் என்று எழுதிவிட்டு, எலுமிச்சை மரத்துக்கும் புள்ளி வருவதுண்டு என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. ஆகவே இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பதே வழி என்று முடிந்தது அந்தப் பக்கம்.

"பாத்தீங்களா, ரொம்ப சிம்பிள். போய் மோந்து பாத்துட்டு ஆம், இல்லேன்னு டிக் பண்ணிட்டு வாங்க. நாளைக்கே ஃபைல க்ளோஸ் பண்ணிரலாம்" என்றார் உதயகுமார்.

வேலாயுதம் சரிங்க என்று சொல்லிவிட்டுப் பூங்காவுக்குப் போனார். ஒன்றாம் மரத்தின் இலையைக் கசக்கினார், இரண்டாம் மரத்தின் இலையையும் கசக்கினார். பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த மாரியம்மாவிடம் இரண்டையும் நீட்டினார். இரண்டுமே கழிவறை கழுவும் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றாள் அவள். அது எலுமிச்சையா என்று வேலாயுதம் கேட்டார். பாட்டிலில் எலுமிச்சம்பழம் படம்தான் போட்டிருக்கிறது, உள்ளே என்ன என்று யாருக்குத் தெரியும் என்றாள். எதிரே நடந்து வந்த ஒருவரை நிறுத்தினார். அவர் கிழக்கு வரிசைக்காரர். இரண்டிலும் எந்த மணமும் இல்லை, சும்மா இலைதான் என்றார். அடுத்து வந்தவர் இடது மரம் மட்டும் மணக்கிறது என்றார். எந்தப் பக்கமிருந்து பார்த்தால் இடது என்று கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.

நாலு நாள் வேலாயுதம் தினமும் போய் இலை கசக்கினார். நாலு நாளும் வேறு வேறு பதில் வந்தது. ஐந்தாம் நாள் போனபோது ஒன்று என்ற எண் இரண்டாம் மரத்தில் இருந்தது, இரண்டு என்ற எண் ஒன்றாம் மரத்தில் இருந்தது. பெயிண்ட் ஈரமாகவே இருந்தது. வேலாயுதம் அதைத் துடைத்துவிட்டுப் பழையபடி எண் போட்டார். யார் செய்தது என்று இரண்டு வரிசைக்காரர்களும் ஒருவரையொருவர் காட்டினார்கள். இதனால் இரு தரப்புக்கும் என்ன லாபம் என்று வேலாயுதம் பஸ்ஸில் வீடு திரும்பும்வரை யோசித்தும் விளங்கவில்லை.

கடைசியில் உதயகுமார் ஒரு பொது முகர்தல் ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வரிசைக்கு ஐந்து பேர். காபி குடித்துவிட்டு வருகிறவர்கள் சொல்வது செல்லாது. மூலையிலிருந்த பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றுவதை எட்டரைக்குத் தள்ளிவைக்கும்படி எழுத்துமூலம் கேட்டுக்கொண்டார். அர்ச்சகர் அதே தாளின் பின்பக்கத்தில் எட்டு மணி வரைதான் பொறுக்க முடியும் என்று பதில் எழுதினார்.

பத்துப் பேரும் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வேலாயுதம் ஒவ்வோர் இலையாகக் கசக்கி ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் பிடித்தார். மேற்கு வரிசை ஐந்து பேரும் இரண்டுமே எலுமிச்சை என்றார்கள். கிழக்கு வரிசை ஐந்து பேரும் இரண்டிலும் எலுமிச்சை இல்லை என்றார்கள். கண்ணைக் கட்டியதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது உதயகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோரும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

கெம்பையன் துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்தார். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அரசாங்க மூக்கு சொல்வதை ஒப்புக்கொள்ளத் தயார் என்றார். உமாதேவியும் அதுதான் நியாயம் என்றார். அந்த லேஅவுட்டில் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் வேலாயுதத்தைப் பார்த்தார்கள்.

வேலாயுதம் இலையை மூக்கருகே கொண்டுபோனார். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஆம் என்று சொன்னால் முடிந்தது. இல்லை என்று சொன்னாலும் முடிந்தது. இவ்வளவு நாள் எத்தனை மரத்துக்கு எழுதியிருக்கிறோம், இதில் என்ன வந்தது என்று நினைத்தார். ஆனால் அந்த நாலாயிரத்தில் எதையும் யாரும் வெட்டப் போவதாக இல்லை. அவர் இலையைக் கீழே போட்டார்.

"எனக்கு வாசம் தெரியாதுங்க. மூணு வருசமாச்சு" என்றார்.

உமாதேவி மெதுவாக, காய்ச்சலுக்குப் பிறகா என்று கேட்டார். தன் தம்பிக்கும் அப்படித்தான் ஆனது, அவன் இப்போதும் கெட்டுப்போன பாலைக் குடித்துவிடுகிறான் என்றார். கெம்பையன் வேறு விஷயத்தைப் பிடித்தார். அப்படியானால் மைசூர் முழுக்க இந்த மனிதர் எழுதிய மரங்களின் கதி என்ன என்று கன்னடத்தில் சத்தமாகக் கேட்டார். உதயகுமார் வேலாயுதத்தின் முழங்கையைப் பிடித்து பம்ப் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நீங்க இத சொல்லலே. நான் கேக்கலே. ஆயித்தா? ஒரு மூக்கு சரியில்லேன்னா நாலாயிரம் மரத்த திருப்பி எண்ணணும். யாரு எண்றது?"

அதற்குள் மணி எட்டாகி, கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் உதயகுமார் அவரை மூக்கு டாக்டரிடம் அனுப்பினார். மூக்கு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்பது உத்தரவு. டாக்டர் பொறுமையானவர். சின்னச் சின்னக் குப்பிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் குப்பிக்கு வேலாயுதம் காபி என்றார், அது காபிதான். அடுத்ததற்கும் காபி என்றார், அது கிராம்பு. மூன்றாவதற்கும் காபி என்றார். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, காலிக் குப்பி என்றார் டாக்டர். சான்றிதழ் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு பொய்யில்லாத ஒன்றை எழுதிக் கொடுத்தார். இவருக்கு மூக்கு இருக்கிறது, அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை, மூச்சு தடையின்றிப் போய் வருகிறது என்று இருந்தது. கீழே முத்திரை. உதயகுமார் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மகிழ்ச்சியோடு கோப்பில் சேர்த்தார்.

அன்று சாயங்காலம் வேலாயுதம் நடந்ததையெல்லாம் நாச்சம்மாளிடம் சொன்னார். இருவரும் கௌதள்ளியிலிருந்து வந்து மைசூரில் குடியேறிப் பதினெட்டு வருடம். நாச்சம்மாள் ஓர் ஊதுபத்தித் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தைலத்தில் தோய்த்து எடுத்த பத்திகளை முகர்ந்து, இது மல்லிகைப் பெட்டி, இது சந்தனப் பெட்டி, இது இரண்டும் கெட்டது என்று பிரிக்கும் இடத்தில் இருந்தாள். முன்பெல்லாம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு எந்தப் பெட்டி ஓடியது என்று வேலாயுதம் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒரு வாரமா உங்க கை எலுமிச்ச மணம் மணக்குது. பாத்திரம் தேய்க்கிற கட்டிய எடுத்துக் குளிக்கிறீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தேன். ஒரு மரத்து எலையக் கசக்குன கையக் கழுவாமயே அடுத்த மரத்தையும் கசக்குவீங்களா?"

வேலாயுதம் யோசித்துப் பார்த்தார். ஒருநாளும் கழுவியதில்லை. கையில் ஏதாவது ஒட்டியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும். ஒரு வாரமாக அந்த லேஅவுட்டில் எல்லோரும் முகர்ந்தது மரத்தை அல்ல, தன் விரல்களை என்பது புரிந்ததும் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். நாச்சம்மாள் தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். புதன்கிழமை தனக்கு வார விடுமுறை, தானே வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

புதன்கிழமை உதயகுமார் முதலில் தயங்கினார். வெளியாள் ஒருவர் அரசாங்க மரத்தை முகர்வதற்கு விதி இல்லை என்றார். பிறகு அவரே ஒரு தாளை எடுத்து, கணக்கெடுப்பாளரின் மூக்கு (மனைவி வழியாக) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கெம்பையனும் உமாதேவியும் சாட்சிக்கு வந்து நின்றார்கள்.

நாச்சம்மாள் இரண்டு வாளித் தண்ணீர் கேட்டாள். கையைச் சோப்பு இல்லாமல் அலம்பித் துடைத்தாள். முதல் மரத்தின் இலையைக் கசக்கி ஒருதரம் முகர்ந்தாள்.

"எலுமிச்ச. சந்தேகமே இல்லீங்க" என்றாள்.

திரும்பவும் கையை அலம்பினாள். தன் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்துச் சற்று நேரம் இருந்தாள். தொழிற்சாலையில் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே இப்படித்தான் மூக்கைக் காலி செய்வோம் என்று விளக்கினாள். பிறகு இரண்டாம் மரத்தின் இலை. இதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். எலுமிச்சை இல்லை என்றாள். கெம்பையன் கையைத் தட்டினார். உமாதேவி அந்த மரத்தின் அடியில் போய் நின்றுகொண்டார்.

உதயகுமார் படிவத்தில் இல்லை என்ற இடத்தில் டிக் போடப் போனார். நாச்சம்மாள் தடுத்தாள். எலுமிச்சை இல்லை என்றுதான் சொன்னேன், மணமே இல்லை என்று சொல்லவில்லை என்றாள். அப்படியானால் என்ன மணம் என்று கேட்டது உதயகுமார் அல்ல, வேலாயுதம்.

அவள் இலையைத் திரும்ப முகர்ந்தாள். "புது நோட்டுப் புஸ்தகம் வாங்கிப் பிரிச்சா ஒரு வாசம் வரும், தெரியுமுங்களா. அதுக்குள்ள ஆரோ பச்சக் கற்பூரத்த மடிச்சு வச்சிருந்து, அப்புறம் எடுத்துட்டாங்கன்னா எப்படி இருக்கும். அந்த மாதிரி."

வேலாயுதம் அவள் கையிலிருந்த இலையை வாங்கிப் பார்த்தார். படிவம் மாறியதிலிருந்து அவர் எத்தனையோ பேரிடம் மணக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஆம் என்றும் இல்லை என்றும்தான் சொன்னார்கள். எப்படி என்று அவர் கேட்டதே இல்லை. நோட்டுப் புத்தகம் அவருக்கு ஞாபகம் வந்தது. பச்சைக் கற்பூரமும் வந்தது. இரண்டையும் சேர்த்து, பிறகு ஒன்றை எடுத்துப் பார்த்தார். மூக்கில் எதுவும் வரவில்லை, ஆனால் என்னவென்று தெரிந்துவிட்டது.

"இன்னொருக்கா சொல்லு" என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். உதயகுமார் கடிகாரத்தைப் பார்த்தார்.

முடிவில் உதயகுமார், ஒன்றாம் மரம் எலுமிச்சை, காக்கப்பட வேண்டும், இரண்டாம் மரம் எலுமிச்சை அல்ல, ஆனால் வேறு மணம் உண்டு, வெட்ட அனுமதி கோரப்படுகிறது என்று எழுதிப் பெங்களூருக்கு அனுப்பினார். கெம்பையன் மரம் வெட்டுகிறவரிடம் நாள் குறித்துவிட்டார். இரண்டாம் மரத்தைச் சுற்றி உமாதேவி ஒரு பழைய பட்டுப்புடவையைச் சுற்றிக் கட்டினார். சுவாமிக்குச் சாத்தியது, கோடாலி படக் கூடாது என்று சொன்னார். பிள்ளையார் கோயில் அர்ச்சகர் தனக்கு அப்படி எதுவும் தெரியாது என்றார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. எலுமிச்சை மரங்களிலேயே சிலவற்றுக்கு எலுமிச்சை மணம் இல்லாமலும் இருப்பதுண்டு. ஆகவே அந்த மணம் இல்லை என்ற காரணத்தால் மட்டும் இரண்டாம் மரத்தைப் புள்ளி மரம் என்று கொள்ள முடியாது. அது எலுமிச்சை மணமில்லாத எலுமிச்சை மரமா, அல்லது புள்ளி மரமேதானா என்பதை முகராத வேறு முறையில் உறுதி செய்து தெரிவிக்கவும். அதுவரை வெட்டக் கூடாது. அப்படி ஒரு முறை அலுவலகத்தில் இல்லை. மரநூலிலும் இல்லை. உதயகுமார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோப்பை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனார்.

இரண்டு மரங்களும் நிற்கின்றன. பட்டை விழுவது நிற்கவில்லை. கெம்பையன் தன் காரைக் கொண்டுபோய் மேற்கு வரிசையில் உமாதேவியின் கேட்டுக்கு எதிரே நிறுத்த ஆரம்பித்தார். அது சம்பந்தமாக இரு தரப்பும் இப்போது வேறோர் அலுவலகத்துக்கு மனு எழுதுகின்றன.

வேலாயுதத்தின் வேலை போகவில்லை. மனைவி வழியாக என்ற அந்தத் தாளை உதயகுமார் ரத்து செய்ய மறந்துவிட்டார். அதனால் புதன்கிழமைதோறும் நாச்சம்மாளும் கூட வருகிறாள். மற்ற நாட்களில் அவர் அளவெடுத்து வைத்த மரங்களையெல்லாம் அன்று ஒரே மூச்சில் முகர்ந்து தீர்க்கிறார்கள். கட்டத்தில் ஆம் என்று குறித்துவிட்டு, தனியே ஒரு நோட்டில் அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறார் வேலாயுதம். அதை யாரும் கேட்கவில்லை. மத்தியானம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரே வாசித்துக்கொள்வார்.

போன புதன்கிழமை வேறொரு லேஅவுட்டில் ஒரு புங்கமரத்தடியில் நின்று நாச்சம்மாள் இலையைக் கசக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. வேலாயுதம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"பக்கத்து ஊட்டுல ஆட்டுக்கறி வேகுதுங்க. நல்லாத்தான் பட்டையும் சோம்பும் போட்டிருக்கறாங்க. காத்துத் திரும்பட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள் அவள்.

இருவரும் அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து காற்றுத் திரும்பக் காத்திருந்தார்கள்.